பாட்டு நின்றால் அவுட்

ஜெயித்தது ராஜாமணி. எழுதிக்கொள்ளுங்கள். பன்னிரண்டுக்குப் பதினொன்று. நடுவர் நான். நான் சொன்னால் சொன்னதுதான்.

என்ன சார் முழிக்கிறீர்கள்? உங்கள் தாளில் அதுதானே முதல் கேள்வி? 'விவாதத்தில் வென்றவர் யார் என்று கருதுகிறீர்கள்?' கருதுவதற்கு என்ன இருக்கிறது? நடுவன் கருதமாட்டான். பார்ப்பான், ஊதுவான். முடிந்தது.

நாற்காலியை இந்தப் பக்கம் தள்ளிப் போடுங்கள். அந்த மாடு வாலால் அடிக்கும்.

இரண்டாவது கேள்வி? 'விவாதம் உங்கள் வாக்கை மாற்றியதா?' என் வாக்கை எவனும் மாற்ற முடியாது. ஊர் வாக்கை மாற்றிவிட்டது. அதுதான் எனக்கு ஆத்திரம். யுனிவர்சிட்டியிலிருந்து இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள். முழுசாகக் கேட்டுவிட்டுப் போங்கள். நடுவில் பேசாதீர்கள். எனக்குப் பிடிக்காது.

என் பேர் வெள்ளைப்பாண்டி. இந்த ஆவாரங்குளத்தில் யாரிடமும் கேளுங்கள், விசில் வெள்ளைப்பாண்டி என்பார்கள். இருபத்தெட்டு வருஷம் கபடி நடுவர். ஒரு தீர்ப்பு, ஒரே ஒரு தீர்ப்பு தப்பு என்று எவனும் சொன்னது கிடையாது. சொன்னவன் உண்டு. நிரூபித்தவன் கிடையாது.

பஞ்சாயத்துத் தலைவர் தேர்தல் வந்தது. இரண்டு பேர் நின்றார்கள். ஒன்று ராஜாமணி. இரண்டு லாரி வைத்திருக்கிறான், போன தடவையும் அவன்தான் தலைவர். இன்னொன்று சண்முகக்கனி. மகளிர் குழுத் தலைவி. என் மருமகள். என் மகன் சிவபெருமாளின் பெண்டாட்டி. இதே வீட்டில்தான் எல்லோரும் இருக்கிறோம்.

ஏன் நின்றாள் என்று கேட்காதீர்கள், நானே சொல்கிறேன். ஐப்பசி மழையில் ஓடை பொங்கிக் கீழத்தெருவுக்குள் போய்விட்டது. நாற்பத்துமூன்று வீடு. முழங்கால் தண்ணீர். வருஷா வருஷம் போகிற தண்ணீர்தான், புதுசு இல்லை. இவள் போய்ப் பார்த்தாள். பார்த்தவள் சும்மா வரவேண்டியதுதானே? பள்ளிக்கூடத்தில் அடுப்பு மூட்டி மூன்று நாள் சோறு பொங்கினாள். என் வீட்டு அரிசி. நாலாம் நாள் வந்து, "மாமா, நான் தலைவருக்கு நிக்கப்போறேன். அந்த ஓடையைச் சரிபண்ணாம விடமாட்டேன்" என்றாள்.

நில்லு என்றேன். நிற்கிறவளை நான் ஏன் தடுக்க வேண்டும்? ஜனநாயகம்.

கபடிக் கழகத்துப் பையன்கள்தான் அந்த யோசனையைக் கிளப்பினார்கள். வழக்கமாகக் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பட்டிமன்றம் போடுவோம். இந்தத் தடவை இரண்டு வேட்பாளரையும் நேருக்கு நேர் மேடையேற்றிக் கேள்வி கேட்போம் என்றார்கள். யார் நடுவர்? பட்டிமன்ற நடுவர் வேண்டாம், அவன் கடைசியில் இரண்டு பக்கமும் நியாயம் என்று சொல்லிவிட்டுப் பொன்னாடையை வாங்கிக்கொண்டு போய்விடுவான் என்று ஒருத்தன் சொன்னான். சரியாகச் சொன்னான். வெள்ளைப்பாண்டியைக் கூப்பிடு என்றார்கள்.

மருமகள் நிற்கும்போது மாமனார் நடுவரா என்று நினைக்கிறீர்கள். நினைப்பு முகத்தில் தெரிகிறது. அதையும் கேட்டார்கள். ராஜாமணியே எழுந்து கேட்டவன் வாயை அடைத்தான்.

"அண்ணாச்சி பெத்த மகனையே ஊதி வெளியேத்துனவரு. அவருகிட்ட எனக்குப் பயம் இல்லை" என்றான்.

உண்மை. மாவட்டப் போட்டி, இறுதி ஆட்டம். வரவேண்டிய நடுவர் வரவில்லை, என்னையே நிற்கச் சொன்னார்கள். கடைசி நிமிஷம். சிவபெருமாள் 'கபடி கபடி' என்று பாடிப் போய் மூன்று பேரைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறான். இடது கால் சுண்டுவிரல் எல்லைக்கோட்டுக்கு வெளியே. சுண்டுவிரல்தான். ஊதினேன். எங்கள் ஊர் தோற்றது. எதிர் ஊர்க்காரன் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினான். அதற்குப் பிறகு இவன் கபடி ஆடவே இல்லை. இருபது வருஷமாகக் கேட்டால் பதில், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. வீம்பு. அவன் அம்மாவைக் கொண்டு பிறந்திருக்கிறான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

விதி நான் எழுதினேன். ஊரும் கேட்கலாம், வேட்பாளர் ஒருத்தரை ஒருத்தரும் கேட்கலாம். ஒரு கேள்வி ஒரு பாட்டு. கேள்வி முடிந்ததிலிருந்து முப்பது விநாடிக்குள் பேச ஆரம்பிக்க வேண்டும். கேட்டதைத் தொட்டால் ஒரு பாயிண்ட். கணக்கோடு ஆதாரத்தோடு சொன்னால் போனஸ். வாய் திறக்காமல் நின்றால் அவுட், எதிராளிக்குப் பாயிண்ட். கபடியில் என்ன விதி? பாடிப் போகிறவன் பாட்டை விட்டால் அவுட். மூச்சு முட்டியதா, நெஞ்சு அடைத்ததா, அம்மா ஞாபகம் வந்ததா, நடுவனுக்கு அவசியம் இல்லை. பாட்டு நின்றால் அவுட்.

பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். கீழத்தெரு மொத்தமும் வந்திருந்தது. கரும்பலகையில் பாயிண்ட் எழுதினோம்.

ராஜாமணி பேசினான் பாருங்கள்! மேல்நிலைத் தொட்டி நான் கட்டினேன் என்றான். கட்டியது யூனியன். பள்ளிக்கூடத்துக்குச் சுவர் எழுப்பியது நான் என்றான். அது ஒரு டாக்டர் தன் அப்பா பேரில் கட்டிக் கொடுத்தது, கல்வெட்டே இருக்கிறது. அந்தக் கல்வெட்டுக்குப் பக்கத்தில் நின்றுதான் பேசினான். ஆனால் தங்குதடை இல்லை. மூச்சு வாங்கவில்லை. கேட்ட கேள்வியைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். பாயிண்ட்.

பொய்க்குப் பாயிண்டா என்றா கேட்கிறீர்கள்? அது பொய்யா மெய்யா என்று பார்ப்பது என் வேலை இல்லை சார். தொட்டானா? தொட்டான். கோட்டுக்குத் திரும்பினானா? திரும்பினான்.

கனி அப்படிப் பேசமாட்டாள். இழுத்து இழுத்துப் பேசுவாள். கையில் ஒரு நோட்டு. ஆனால் கணக்கு வைத்திருந்தாள், அதை நான் மறுக்கவில்லை. "ஓடை மேற்கே முப்பத்தாறு அடி அகலம். கிழக்கேயும் முப்பத்தாறு அடி. நடுவுல மேலத்தெரு வளைவுல மட்டும் இருபத்திரண்டு. அங்க முட்டுற தண்ணிதான் கீழத்தெருவுக்குள்ள திரும்புது. நானே கயிறு பிடிச்சு அளந்தேன்" என்றாள். கூட்டம் கை தட்டியது. போனஸ் கொடுத்தேன். மருமகள் என்று குறைக்கவில்லை. பலகையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பதினொன்றுக்குப் பதினொன்று. கடைசிக் கேள்வி. ராஜாமணி கேட்க வேண்டும், இவள் சொல்ல வேண்டும்.

அவன் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் வந்தான். "தங்கச்சி, பதினாலு அடி குறையுதுன்னு சொல்லுதிய. ஓடை தானா சுருங்காது. அங்க ஒரு சுவரு நிக்கி. அது யாரு சுவரு? பேரை மட்டும் சொல்லுங்க, போதும்" என்றான்.

அவள் நோட்டை மூடினாள். என்னைப் பார்த்தாள்.

நான் வாட்சைப் பார்த்தேன்.

பத்து விநாடி. இருபது. ஒரு குழந்தை எங்கோ அழுதது, யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள். கூட்டத்தில் எவனும் அவளைப் பார்க்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். கடைசி நிமிஷத்தில் நடுவனைத்தானே பார்ப்பார்கள். முப்பது. ஊதினேன். ராஜாமணி கையைப் பிடித்துத் தூக்கினேன். முடிந்தது.

அந்தச் சுவரா? இதோ, உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறதே, அதுதான். என் மாட்டுத் தொழுவத்துச் சுவர்.

அப்படிப் பார்க்காதீர்கள். ஆக்கிரமிப்பு கிடையாது. இடம் சும்மா கிடந்தது. ஓடையில் வருஷத்தில் பத்து நாள் தண்ணீர் வரும். மீதி நாளெல்லாம் கருவேலமும் கழுதையும். நாலு மாடு எங்கே நிற்கும்? கட்டினேன்.

வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரி ஆவுடையம்மாள் செம்பில் தண்ணீர்கூடத் தரவில்லை. நடுவீட்டில் நின்றுகொண்டு கத்துகிறாள்.

"காலையில இட்லி திங்கும்போது அவகிட்ட என்ன சொன்னீரு? 'மேடையில என் சுவரைப் பத்தி ஒரு சொல்லு வந்துச்சுன்னா நீயும் உன் புருசனும் இந்த வாசலை மறந்துரணும்'னு சொன்னீரா இல்லையா? காலையில வாயைப் பொத்துனதும் நீரு, சாயங்காலம் வாய் தொறக்கலைன்னு ஊதுனதும் நீரு. வெக்கமா இல்லையா உமக்கு?"

சொன்னேன். இல்லை என்று சொல்லவில்லையே? வீட்டில் மாமனார் சொன்னது அது. மைதானத்தில் நடுவர் ஊதியது இது. இரண்டையும் போட்டுக் குழப்பினால் நான் என்ன செய்ய? விளங்கச் சொன்னேன். அவளுக்கு விளங்கவில்லை. படித்தவர் நீங்கள், உங்களுக்காவது விளங்குகிறதா?

சரி, விடுங்கள்.

கோபம் இருந்தால் கனி சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. மறுநாள் காலையில் வழக்கம்போல எனக்குக் குளிக்கச் சுடுதண்ணீர் எடுத்து வைத்துவிட்டு நோட்டீஸ் கொடுக்கப் போனாள். அந்தச் சுடுதண்ணீர்தான் சார் எனக்குப் பொறுக்கவில்லை. சிவபெருமாள் என்னோடு பேச்சை நிறுத்தினான். முன்னாலும் பேசமாட்டான், ஆனால் கேட்டால் சொல்வான். இப்போது அதுவும் இல்லை. சோற்றுத் தட்டைத் தூக்கிக்கொண்டு தொழுவத்துக்கு வந்துவிடுவான். மாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவான்.

ராஜாமணி என்ன செய்தான்? ஒரே நாளில் போஸ்டர் அடித்துவிட்டான். அவன் படம் பெரிசாக, என் படம் சிறிசாக, விசிலோடு. 'மாமனாரே சொல்லிவிட்டார், வெற்றி ராஜாமணிக்கே.' ஊரெல்லாம் ஒட்டினான். என் வீட்டுக்கு எதிரே மின்கம்பத்தில்கூட. என்னைக் கேட்காமல் என் படத்தைப் போட்டது தப்பு. ஆனால் எழுதியிருந்தது சரிதான். ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன்.

நான் நினைத்தேன், முடிந்தது என்று. பாயிண்ட் போட்டாயிற்று, கையைத் தூக்கியாயிற்று. அதற்குமேல் ஓட்டு எதற்கு? கபடி முடிந்து நடுவர் கை காட்டிய பிறகு, பார்க்க வந்தவனிடம் போய் யார் ஜெயித்தது என்று சீட்டு எழுதி வாங்குவோமா?

எண்ணினார்கள். இருநூற்றுப் பதினாலு ஓட்டு வித்தியாசத்தில் சண்முகக்கனி.

கீழத்தெரு வார்டில் ராஜாமணிக்கு விழுந்தது ஏழு. ஏழு சார்! கீழத்தெரு போகட்டும். மேலத்தெருவில், எங்கள் தெருவில், பெண்கள் ஓட்டு மொத்தமும் இவளுக்கு. விவாதத்தை முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தவர்கள். பலகையில் பன்னிரண்டு பதினொன்று என்று பார்த்தவர்கள். பார்த்துவிட்டுத் தோற்றவளுக்குப் போட்டிருக்கிறார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நேரே கீழத்தெருவுக்குப் போனேன். கொத்தனார் மரியசெல்வம் வீட்டு வாசலில் சாந்துச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். விவாதத்தன்று முதல் வரிசையில் இருந்தவன்.

"ஏல, உனக்குக் கண்ணு இருந்துச்சா இல்லையா? யார் ஜெயிச்சா?" என்றேன்.

"ராஜாமணிதான் அண்ணாச்சி. நீங்கதான் கையைத் தூக்குனீங்களே."

"பிறகு யாருக்குல போட்ட?"

"தோத்தவளுக்கு."

சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொல்கிறான்: "அது யாரு சுவருன்னு கேட்டவனுக்குத் தெரியும். கேக்கப்பட்டவளுக்குத் தெரியும். ஊதுன உங்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியாதா? வருசா வருசம் எங்க அடுப்புலதான தண்ணி வந்து நிக்கி. அஞ்சு வருசம் தலைவரா இருந்தானே அவன், ஒரு நாளாவது ஒரு நோட்டீசு உங்களுக்கு விட்டானா? அவனுக்கு அந்தச் சுவரு அந்த முப்பது விநாடிக்குத்தான் வேணும். பேரைக் கேக்குறவன் இடிக்கமாட்டான் அண்ணாச்சி. கயிறு பிடிச்சு அளந்துட்டு வந்தவ இடிப்பா. அந்தப் பிள்ள உங்க முகத்தைப் பார்த்துச்சு பாருங்க, எங்க தெருவு அப்பவே முடிவு பண்ணிட்டு."

"அவ பதில் சொல்லலையேல!"

"அதான் நாங்க சொன்னோம்" என்றான்.

திமிர். என்னிடம் வேலை செய்தவன், ஒரு காலத்தில் அண்ணாச்சி அண்ணாச்சி என்று பின்னால் வருவான். இப்போதும் அண்ணாச்சி என்றுதான் சொல்கிறான். அது வேறு திமிர்.

ஆக, விவாதத்தால் என்ன ஆயிற்று என்று கேட்டீர்கள் அல்லவா? இதுதான் ஆயிற்று. நல்லாப் பேசினவனை உட்காரவைத்துவிட்டு, பேசாமல் நின்றவளைத் தூக்கி வைத்தார்கள். பேச்சைக் கேட்க வந்த கூட்டம் பேச்சைக் கேட்கவில்லை. என் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறது.

பதவி ஏற்றாள். மாலையோடு வந்து என் காலில் விழுந்தாள். நல்லா இரு என்றேன். வாயில் வந்தது அதுதான்.

ஜனவரி இருபத்தாறு, கிராமசபை. முதல் பொருளே ஓடை. நான் போவதாக இல்லை. ஆவுடை, "நீரு ஏன் போகணும், பேசாம கிடையும்" என்றாள். உடனே கிளம்பினேன்.

பின்வரிசையில் உட்கார்ந்தேன். கனி மேசைக்கு அந்தப் பக்கம். பக்கத்தில் ஊராட்சிச் செயலர், பேனாவோடு. ஓடை அளவைப் படித்தார். பதினாலு அடி என்று வந்ததும் ராஜாமணி எழுந்தான்.

"ஆக்கிரமிப்பு அகற்றணும்னு சொல்லுதாங்க, நல்லது. ஆனா அந்தச் சுவரை யாரு கட்டுனா? தலைவர் வீட்டுச் சுவரு! தலைவரு மகளிர் குழுவுக்கு வந்த சிமெண்டுல தலைவரே கட்டுன சுவரு! பதில் சொல்லட்டும் முதல்ல. அன்னைக்கும் சொல்லலை, இன்னைக்காவது சொல்லட்டும்!"

கூட்டத்தில் அவன் ஆட்கள், "ஆமா, சொல்லட்டும், சொல்லட்டும்" என்கிறார்கள். கனி எழுந்திருக்கிறாள். முகம் சுண்டிப்போயிருக்கிறது. மைக்கை எடுத்தாள், வைத்தாள். மறுபடி எடுத்தாள்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! மேல்நிலைத் தொட்டியைத் தன்னுடையது என்றான், பொறுத்தேன். பள்ளிக்கூடச் சுவரைத் தன்னுடையது என்றான், பாயிண்ட் கொடுத்தேன். என் சுவரை இன்னொருத்தி கட்டினாள் என்கிறானே! மகளிர் குழுச் சிமெண்டாமே!

"ஏல ராஜாமணி, நாக்கை அடக்கு" என்றேன். மைக் வேண்டியிருக்கவில்லை. "தொண்ணூத்து நாலு, பங்குனி மாசம். இவ அப்போ பாவாடை கட்டிப் பள்ளிக்கூடம் போய்க்கிட்டு இருந்தா. அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுனது நான். கல்லு ஒவ்வொண்ணும் நான் பார்த்துப் பார்த்து எடுத்தது. சிமெண்டே கிடையாதுல அதுல, சுண்ணாம்பு! போய்ச் சுரண்டிப் பாரு! மரியசெல்வம் அப்பன் கையாள் வேலை பார்த்தான். அவ கட்டுனாளாம். அது என் சுவரு. என் ஒருத்தன் சுவரு!"



செயலர் மெதுவாகப் பேனாவைத் திறந்தார். "அப்போ, ஓடைப் புறம்போக்குல கட்டுனது நீங்கதான்னு எழுதிக்கிடலாமா ஐயா?"

"எழுதும். வெள்ளைப்பாண்டி, தகப்பன் பேரு சங்கிலிமாடன். சரியா எழுதும்" என்றேன்.

சொல்லிவிட்டேன். சொன்னதைத் திரும்ப வாங்குகிற வழக்கம் எனக்குக் கிடையாது.

கை தட்டினார்கள் சார். கீழத்தெரு முழுக்க எழுந்து நின்று கை தட்டுகிறது. எதற்குத் தட்டினார்கள்? ஒருத்தன் கட்டிய சுவரை அவனே கட்டினேன் என்று சொன்னால், அதற்குக் கை தட்டலா? இந்த ஊருக்கு எதற்குக் கை தட்டுவது, எதற்கு ஓட்டுப் போடுவது என்று ஒன்றுமே தெரியவில்லை. கனியைப் பார்த்தேன். சிரிக்கிறாளா என்று பார்த்தேன். சிரித்திருந்தால் சும்மா விட்டிருக்கமாட்டேன். சிரிக்கவில்லை. மூக்கை முந்தானையால் துடைத்துக்கொண்டு, "அடுத்த பொருள்" என்றாள்.

நாளைக்குக் காலையில் வருகிறார்கள். ஜேசிபி கூடாது, கையால் பிரிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். மேற்கு மூலைக் கல் நல்ல கல். இந்தக் காலத்துப் பையன்களுக்கு உடைக்காமல் எடுக்கத் தெரியாது. நான் நிற்க வேண்டும்.

என்ன, பேனாவை மூடுகிறீர்கள்? இருங்கள். ஒன்று பாக்கி.

கிராமசபை முடிந்து வருகிறேன். சிவபெருமாள் இங்கே, நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் நிற்கிறான். கையில் மாட்டுக் கயிறு. என்னைப் பார்த்ததும் தொண்டையைச் செருமினான். ஒன்றரை மாசம் ஆயிற்று அவன் குரலை நான் கேட்டு. ஒன்றரை மாசம் என்ன, இருபது வருஷத்தில் அவனாக வந்து என்னிடம் ஒன்று கேட்டது கிடையாது.

"எப்பா, இனி மாட்டை எங்க கட்ட?" என்றான்.

"உன் தலையில கட்டு" என்றேன். பிறகு கயிற்றின் ஒரு நுனியை நான் பிடித்துக்கொண்டேன்.